மாணவர்களுக்கு மலிவான ஷேர் வண்டி: ஆப் எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை அருகே வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர். கல்லூரி மாணவர்களுக்கென்றே ஓலா, ஊபர் மாதிரி, ஆனால் கட்டணம் குறைவாக, ஒரு ஷேர் பயண ஆப் செய்ய ஆசைப்படுகிறார்கள். முதலில் புராஜெக்டாக, ஓடினால் கம்பெனியாக. எங்கே தொடங்குவது, எவ்வளவு செலவாகும், சட்டம் ஏதாவது குறுக்கே வருமா என்று கேட்கிறார்கள்.

நான் சாஃப்ட்வேர் ஆள் இல்லை. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஊழியர் வண்டி விடும் தொழிலில் இருக்கிறேன். அதனால் வண்டிப் பக்கத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும். ஆப் பற்றிய பேச்சு கடைசியில் வரும், அதுவும் கொஞ்சமாக.

ஓலா, ஊபரில் கட்டணம் ஏன் அதிகம்? கமிஷன் என்பார்கள். கமிஷனும் உண்டுதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் காலி ஓட்டம். எங்கள் தொழிலில் அதை டெட் கிலோமீட்டர் என்போம். வண்டி உங்களைத் தேடி மூன்று கிலோமீட்டர் காலியாக வருகிறது, காத்திருக்கிறது, இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்கு மறுபடி காலியாகப் போகிறது. நான்கு பேர் உட்காரும் வண்டியில் ஒருவர் போகிறார். இந்தக் காலி எல்லாம் சேர்ந்துதான் உங்கள் பில். எவ்வளவு நல்ல நிரல் எழுதினாலும், கூப்பிட்டவுடன் வர வேண்டிய வண்டிக்கு இந்தச் செலவு போகாது. கூப்பிட்டவுடன் வந்து, வழியில் இன்னொருவரையும் ஏற்றிக்கொள்ளும் ஊபர் பூல், ஓலா ஷேர் இரண்டும் 2015-ல் இந்தியாவுக்கு வந்தன. ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகும் இரண்டு பேரை அந்த நிமிடத்திலேயே பிடிப்பது லேசான வேலை இல்லை. ஆள் கிடைக்காத சவாரியின் நஷ்டம் கம்பெனி தலையில்தான் விழும். அவ்வளவு பணம் வைத்திருந்த கம்பெனிகளுக்கே அது கஷ்டம் என்றால், நான்கு மாணவர்களுக்கு அந்தப் பாதை வேண்டாம்.

உங்களிடம் ஓலா, ஊபரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: டைம்டேபிள். ஒரு கல்லூரி மாணவர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டும், லேப் எத்தனை மணிக்கு முடியும் என்பதெல்லாம் செமஸ்டர் தொடங்கும்போதே அச்சாகிவிடுகிறது. அடுத்த மூன்று மாதத்துக்கு யார் எப்போது எங்கே போவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த வாடிக்கையாளர் வேறு எந்த டாக்ஸி தொழிலுக்கும் கிடைப்பதில்லை. ஐ.டி. கம்பெனி வண்டிகள் இதே முறையில்தான் ஓடுகின்றன. முந்தின நாளே யாருக்கு எந்த ஷிப்ட் என்ற ரோஸ்டர் வரும், அதை வைத்து எந்த வண்டியில் யார் யார் என்று டிரிப் ஷீட் போடுவோம், சீட் நிரம்பித்தான் வண்டி கிளம்பும். உங்கள் சேவையையும் டாக்ஸி போல நினைக்காமல் ரோஸ்டர் வண்டி போல நினையுங்கள். விலை தானாக இறங்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2013-ல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன்படி 123 ரூபாய் வரும். அந்த ரேட்டுக்கு இன்று யார் வருகிறார்கள்? 200 என்றே வைப்போம். மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 67. போக வர 134. மாதம் 22 நாளுக்குக் கிட்டத்தட்ட 3,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அரசு தருவது மாதம் 1,000 ரூபாய். மலிவு என்று சொல்வதற்கு அளவுகோல் அந்த 1,000-தான். அதற்குள் அடங்காத எதையும் மலிவு என்று விளம்பரம் செய்யாதீர்கள்.

இப்போது 12 சீட் வேன். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று பேசினால் உரிமையாளர் 1,200 கேட்கிறார் என்று வையுங்கள். எல்லாச் சீட்டும் நிரம்பினால் ஒரு நடைக்கு ஆளுக்கு 50. ஒன்பது பேர்தான் வந்தால் 67, ஆட்டோவுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. அதே வேனை எட்டு மணி வகுப்புக்கு ஒரு நடை, ஒன்பதரை மணி வகுப்புக்கு இன்னொரு நடை, மாலையிலும் அப்படியே இரண்டு நடை என்று 1,600-க்குப் பேசினால்? மொத்தம் 48 இருக்கைகள். முக்கால் பங்கு நிரம்பினாலே ஆளுக்கு 44, முழுக்க நிரம்பினால் 33. உரிமையாளருக்கும் 400 ரூபாய் கூடுதல் வரும்படி. இங்கே விலையைக் குறைத்தது இரண்டாவது நடை. அந்த இரண்டாவது நடையை உங்களால் உறுதி செய்ய முடிகிறதா என்பதில்தான் மொத்தத் தொழிலும் நிற்கிறது. இந்தத் தொகைகள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. உங்கள் ரூட்டில் மூன்று வேன்காரர்களிடம் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, 33 ரூபாய் மலிவா? தினமும் போக வர என்றால் நான் சொன்ன அந்த 1,000-க்குள் அதுவும் அடங்காது. மற்றபடி மலிவு என்பது யாருக்கு என்பதைப் பொறுத்தது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆக உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் உங்கள் விலையை ஒப்பிடப்போவது பூஜ்யத்தோடு. பையன்களுக்கு ஷேர் ஆட்டோ இருக்கிறது. காலை ஏழே முக்காலுக்கு வண்டலூரில் நின்று பாருங்கள். "கண்டிகை, மாம்பாக்கம், கேளம்பாக்கம்" என்று கூவிக்கொண்டு ஒரு மேஜிக் வண்டி நிற்கும். உள்ளே ஏழு பேர் உட்கார்ந்தாகிவிட்டது, டிரைவர் எட்டாவது ஆளுக்காக ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி, கிளம்புவது போலவே கிளம்பாமல் இருப்பார். உள்ளே இருக்கும் மாணவன் போனில் மணி பார்ப்பான். ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் வந்ததும் ஐந்து நிமிடத்தில் மூன்று வண்டி நிரம்பிப் போய்விடும். அந்த வண்டியின் கட்டணத்தோடு உங்களால் போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம்.

பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் கைவிடும் இடங்களைத் தேடுங்கள். மாலை ஏழுக்கு மேல் லேபோ லைப்ரரியோ முடிந்து வரும் மாணவிகள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விடுதிகள், வாடகை வீடுகள். எட்டரைக்குப் பரீட்சை என்றால் ஷேர் ஆட்டோவை நம்ப முடியாத நாட்கள். இந்தச் சாலையிலேயே புதுப்பாக்கத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. 2018-ல் உயர் நீதிமன்ற வளாகத்திலிருந்து நகருக்கு வெளியே மாற்றியபோது இங்கு ஒன்றும் பட்டரைப்பெரும்புதூரில் ஒன்றுமாக வந்தது. வடசென்னையிலிருந்து ரயிலில் வண்டலூர் வந்து இறங்கி அங்கே போகும் மாணவர் எத்தனை வண்டி மாற வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கல்லூரி, அந்தச் சட்டக் கல்லூரி, மேலக்கோட்டையூரின் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மூன்றும் ஒரே சாலையில்தான். 18 கிலோமீட்டருக்குள் இத்தனை கல்லூரிகள் இருப்பதால்தான் நான் சொன்ன இரண்டாவது நடை இங்கே சாத்தியமாகிறது. ஒரு கல்லூரியின் மாணவர்களை மட்டும் நம்பினால் வேன் நிரம்பாது.

இன்னொரு தனிச் சந்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம். விடுதி மாணவர்கள் ஊருக்குப் போகும் நேரம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த பிறகு தென் மாவட்டப் பேருந்துகளுக்கு உங்கள் கல்லூரியிலிருந்து தூரம் குறைவு, ஆனால் மூட்டை முடிச்சோடு அங்கே போய்ச் சேர்வதற்குத்தான் பாடு. பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவில் இப்போது லிஃப்ட் என்று இருக்கும் டாக்ஸி ஆப் கம்பெனியின் தொடக்கமே இப்படித்தான். 2007-ல் ஜிம்ரைடு என்ற பெயரில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் போகும்போது காரைப் பகிர்ந்துகொள்ள ஒரு வசதியாக ஆரம்பித்தார்கள். நிறுவனர்களில் ஒருவரான லோகன் கிரீன் ஜிம்பாப்வேயில் ஷேர் மினிபஸ்களைப் பார்த்துவிட்டு வந்தவர். நகருக்குள் ஓடும் டாக்ஸியாக அது மாறியது 2012-ல்தான். முதல் ஐந்து வருடம் கல்லூரி வளாகங்கள், நீண்ட தூரம், முன்கூட்டியே தெரிந்த தேதி. மலிவுக்கான சூத்திரம் அங்கும் அதுதான்.

இனி சட்டம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பாதி ஆப்கள் விழுவது இங்கேதான்.

உங்கள் நண்பரின் அப்பா கார், சீனியரின் பைக், இவற்றை வைத்துக் காசு வாங்கி ஆள் ஏற்றலாம் என்ற யோசனை முதலில் வரும். வெள்ளை நம்பர் பிளேட் சொந்த வண்டி. வாடகைக்கு ஓட்ட மஞ்சள் பிளேட், பெர்மிட், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எல்லாம் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அதைவிடப் பயப்பட வேண்டியது இன்ஷூரன்ஸ். சொந்தக் காருக்கு எடுத்த பாலிசியில் வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். விபத்தில் பின் சீட் மாணவருக்கு அடிபட்டு, அவரிடம் 40 ரூபாய் வாங்கியது போனில் தெரிந்தால் கம்பெனிக்காரர் கையை விரித்துவிடுவார். டாக்ஸி ஆப்களுக்கான மத்திய அரசின் 2020 வழிகாட்டு நெறிமுறைகள் சொந்த வாகனத்தில் பகிர்ந்து போவதற்கு ஒரு வாசலைத் திறந்தன: நகருக்குள் ஒரு வண்டிக்கு நாளைக்கு நான்கு நடை, வெளியூருக்கு வாரத்துக்கு இரண்டு. ஆனால் மாநில அரசு அதை ஏற்று விதி செய்தால்தான் பயன். 2023-ல் பெங்களூரில் கார்பூல் ஆப்களைச் சுற்றி நடந்த சர்ச்சையே போதும், இந்த வாசல் எவ்வளவு குறுகல் என்பதற்கு.

அடுத்து எல்லோருக்கும் தோன்றும் யோசனை, கல்லூரி பஸ்ஸில் காலியாக இருக்கும் சீட்டை வேறு கல்லூரி மாணவருக்குக் கொடுப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் 2(11) பிரிவே கல்வி நிறுவனப் பேருந்து என்பதை, அந்த நிறுவனத்துக்குச் சொந்தமானது, அதன் மாணவர், பணியாளரை ஏற்றிச் செல்ல மட்டுமே பயன்படுவது என்று வரையறுக்கிறது. அதோடு அது முடிந்தது.

பிறகு எது முடியும்? மஞ்சள் பிளேட் மாக்ஸிகேப், அதாவது டிரைவர் தவிர ஏழிலிருந்து 12 பேர் வரை ஏற்றும் வேன். வழியில் கண்டவரையும் ஏற்றி இறக்கித் தனித்தனி டிக்கெட் வாங்கினால் அது பஸ் வேலை, அதற்கு வேறு பெர்மிட். ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர்களை மட்டும் ஏற்றினால் ஒப்பந்த ஊர்தி. 2(7) பிரிவு மாக்ஸிகேப்பை ஒப்பந்த ஊர்தியில்தான் சேர்க்கிறது. பயணிகளிடம் தனித்தனியாகக் கட்டணம் வாங்கினாலும், ஆறு பேர் வரை ஏற்றும் மோட்டார் கேப் ஒப்பந்த ஊர்திதான் என்றும் சொல்கிறது. ஆக, முன்கூட்டியே பெயர் கொடுத்த 12 மாணவர்கள், ஒரு வேன், கையில் பெயர்ப் பட்டியலோடு டிரிப் ஷீட். இந்த அமைப்புதான் பாதுகாப்பானது. தொடங்கும் முன் உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு முறை நேரில் பேசிவிடுங்கள்.

ஆப் வந்தவுடன் இன்னொரு விஷயம் சேர்கிறது. பயணியையும் டிரைவரையும் இணைக்கும் டிஜிட்டல் இடைத்தரகரைச் சட்டம் அக்ரிகேட்டர் என்கிறது, 93-ஆம் பிரிவின்படி மாநில உரிமம் வேண்டும். 2020 நெறிமுறைகள் சொன்ன உரிமக் கட்டணமே ஐந்து லட்சம், வைப்புத்தொகை தனி. உரிமம் இல்லாமல் நடத்தினால் அபராதம் 25,000 முதல் ஒரு லட்சம் வரை. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. மாணவர்கள் ஒன்றுகூடி ஒரு வேனை மாதக் கணக்கில் பேசிக்கொள்வது ஒன்று, ஊரில் உள்ள வண்டிகளையெல்லாம் சேர்த்து ஆப்பில் விற்பது வேறு. முதல் வகையில் ஒரு வருடம் ஓட்டிவிட்டு, இரண்டாவது வகைக்குப் போகும் அளவுக்கு வரும்படி இருக்கிறதா என்று அப்போது பாருங்கள்.

பணம் வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. ஆப்புக்குள் வாலட் வைத்து, மாணவர் 500 ரூபாய் போட்டு வைக்க, சவாரிக்குச் சவாரி கழித்துக்கொள்வது அழகான யோசனை. எஸ்ரைடு என்ற கார்பூல் ஆப் இப்படி வாலட் நடத்தியபோது, அனுமதி பெறாதது என்று ரிசர்வ் வங்கி 2022 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. நீங்கள் பணத்தைத் தொடவே தொடாதீர்கள். வேனில் டிரைவரின் கியூஆர் ஒட்டியிருக்கட்டும், மாணவர் நேராக அவருக்கு வாரா வாரம் அனுப்பட்டும், ஸ்கிரீன்ஷாட் குழுவுக்கு வரட்டும். வராத நாளுக்கும் காசு உண்டா என்ற சண்டை முதல் வாரத்திலேயே வரும். எங்கள் தொழிலில் இதற்கு நோ ஷோ என்று பெயர். முந்தின இரவு ஒன்பது மணிக்குள் சொன்னால் கழிவு, சொல்லாவிட்டால் முழுக் காசு. இதில் நண்பன் முகம் பார்க்கக் கூடாது.

பாதுகாப்பு விஷயத்தில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வண்டியில் யார் யார்? பதில் பெயர்ப் பட்டியலிலேயே இருக்கிறது. கல்லூரி அடையாள அட்டை பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். மின்னஞ்சலை மட்டும் நம்ப முடியாது, பல அரசுக் கல்லூரிகளில் மாணவருக்குக் கல்லூரி மின்னஞ்சலே கிடையாது. பெண்கள் மட்டும் போகும் நடை கேட்டால் தயங்காமல் கொடுங்கள், மாலை நடைக்கு அதுதான் முதலில் நிரம்பும். ஒவ்வொரு வேனிலும் ஒரு மாணவரைப் பொறுப்பாளராக வைத்து அவருக்குக் கட்டணம் வாங்காமல் விடுங்கள். கதவு சாத்தியதும் "11 பேர் ஏறியாச்சு" என்று அவர் போடும் ஒரு வரிச் செய்தி பெற்றோருக்குப் போதும். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பது மாணவிகளுக்குத் தொல்லை. அறிவிப்பு மட்டும் போடும் குழுவாக வைத்து, பேச்சைப் பொறுப்பாளரோடு நிறுத்துங்கள். முதலாண்டில் நிறையப் பேருக்கு வயது 17. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 நிரம்பாதவர் குழந்தை, பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அதனால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு இடம் விடுங்கள்.

டிரைவர் பக்கம் யாரும் யோசிப்பதில்லை. அவருக்கு மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். உங்கள் கல்லூரியோ ஸ்டடி லீவ், செமஸ்டர் விடுமுறை, கல்ச்சுரல்ஸ் என்று வருடத்தில் பல வாரம் ஆள் இல்லாமல் கிடக்கும். மாதச் சம்பளம் மாதிரி உறுதி கொடுத்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள், கொடுக்காவிட்டால் நல்ல டிரைவர் நிற்கமாட்டார். கம்பெனி ஒப்பந்தம் ஏற்கெனவே வைத்திருக்கும் வேன்களைப் பிடிப்பது நல்லது. இரவு ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு ஏழு மணிக்கு ஓ.எம்.ஆரில் சும்மா நிற்கும் வண்டிகள் உண்டு. ஆனால் விடிய விடிய ஓட்டிய டிரைவரையே காலையிலும் உட்கார வைக்காதீர்கள், மாற்று டிரைவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு என்ன கிடைக்கும்? பெங்களூரின் நம்ம யாத்ரி என்ற ஆட்டோ ஆப் சவாரிக்குக் கமிஷன் எடுக்காமல் டிரைவரிடம் நாளுக்கு 25 ரூபாய் என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. அதையே பின்பற்றினால் பத்து வேன், 22 நாள், 5,500 ரூபாய். நான்கு பேர் டீச் செலவுக்குச் சரியாக இருக்கும். உண்மையான வரும்படி கல்லூரி நிர்வாகத்திடம் இருக்கிறது. மாலை லேபுக்காக ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு 50 சீட் பஸ் ஓட்டும் கல்லூரிகளிடம் போய், அந்த நடையை எங்களிடம் விடுங்கள் என்று கேட்கலாம். டீசல் கணக்கைக் காட்டினால் போக்குவரத்துப் பொறுப்பாளர் காது கொடுப்பார்.

ஆப்? முதல் செமஸ்டருக்கு ஒரு கூகுள் படிவம், ஒரு ஷீட், ஒரு வாட்ஸ்அப் குழு. நிறுத்தங்கள் ஒரே சாலையில் நிலையாக இருப்பதால் மேப் சேவைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். அனுப்பக்கூட டி.எல்.டி. எனும் வணிக எஸ்.எம்.எஸ். பதிவு, செய்தி வாசகத்துக்கு டெம்ப்ளேட் அனுமதி என்று அலைச்சல் உண்டு, அதையும் தள்ளிப் போடலாம். புராஜெக்டுக்கு நிரல் காட்டியே ஆக வேண்டும் என்றால், டைம்டேபிளை வாங்கி எந்த நடையில் யாரைப் போட்டால் சீட் அதிகம் நிரம்பும் என்று கணக்கிடும் பகுதியை எழுதுங்கள். புராஜெக்டை மேற்பார்க்கும் கைட் கேட்பதற்கும் அதில் விஷயம் இருக்கும், அடுத்த செமஸ்டரில் உங்களுக்கே பயன்படும்.

அதற்கு முன் ஒரு வேலை. ஒரு செவ்வாயும் ஒரு வியாழனும் வண்டலூர் ஸ்டேஷன் வாசலில் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை ஆளுக்கு ஒரு நோட்டோடு நில்லுங்கள். திங்கள் வேண்டாம், ஊரிலிருந்து திரும்பும் கூட்டம் கணக்கைக் கெடுத்துவிடும். அடையாள அட்டைக் கயிறு போட்டவர்களை நிறுத்தி எந்தக் கல்லூரி, எத்தனை மணி வகுப்பு, நேற்று எதில் போனீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நான்கே கேள்வி. கடைசிக் கேள்விக்கு 40-க்கு மேல் சொல்பவர்கள் ஒரே அரைமணிக்குள் 12 பேர் தேறினால் வேன்காரருக்குப் போன் போடுங்கள். தேறாவிட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு மாலை ஏழு மணிக்குக் கல்லூரி கேட்டில் போய் நில்லுங்கள்.